ஒகடியும் ஒன்றும்

பெரியபட்டினம்
12.2.2024

அன்புள்ள மச்சானுக்கு, நஸீஹாவின் ஸலாம்.

தூதரகத்து இஃப்திகார் மூலம் நீங்கள் கொடுத்துவிட்ட கடிதம் கிடைத்தது. எல்லை தாண்டி மீன் பிடித்தீர்கள் என்று பிடித்து வைத்தவர்கள் எப்போது விடுவார்கள் என்று எழுதியிருப்பீர்கள் எனப் பிரித்தால், தெலுங்கில் ஒன்றுக்கு ஏன் 'ஒகடி' என்று கேட்டிருக்கிறீர்கள். அதுவும் உங்களோடு பிடிபட்ட சாஜனோடும் சூரிபாபுவோடும், ஒகடி நம் ஒன்றுக்குச் சொந்தமா இல்லையா என்று பந்தயமாம். கடுப்பாகத்தான் இருந்தது. நான் தமிழ் எம்.ஏ. படித்தது இதற்குத்தானா?

சரி, கேளுங்கள். சாஜனின் மலையாளத்தில் ஒந்நு, கன்னடத்தில் ஒந்து, பழைய தெலுங்கில் ஒண்டு. எல்லாம் நம் ஒன்றுதான். ஒகடியும் வெளியாள் இல்லை, அதே வேர்தான் என்கிறார்கள். 'எல்லாரும் ஒக்க வாங்க' என்கிறோமே, அந்த ஒக்கவும் அதற்குச் சொந்தமாம். சூரிபாபு அண்ணன் தோற்கவில்லை என்று சொல்லுங்கள்.

லாமியாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. கண் முழித்ததும் "வாப்பா வந்துட்டாகளா உம்மா" என்கிறாள்.

நஸீஹா

3.3.2024

அன்பு நஸீஹாவுக்கு, ஸலாம்.

பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது? உன் பதிலைச் சொன்னதும் சூரிபாபு எழுந்து நின்று சலாம் போட்டான். "டீச்சர் ஜயிச்சு" என்றான் சாஜன்.

ஒரு விஷயம். என் உம்மாவிடம் சொல்லாதே. எங்களைப் பிடித்த அன்று, வரிசையாக நின்று எண்ணச் சொல்லி அதிகாரி சைகை காட்டினார். படகை ஓட்டியது சூரிபாபு. அவன்தான் தொடங்க வேண்டும். பயத்தில் வாயே திறக்கவில்லை. நான் 'லாபம்' என்று தொடங்கிவிட்டேன். முதல் மீனை நம் ஊரில் யார் ஒன்று என்று எண்ணுகிறார்கள்? அதே வாய். எண்ணத் தொடங்கியவன்தான் படகுக்குத் தலைவன் என்று என் பெயரை எழுதிக்கொண்டார்கள். "திருத்திச் சொல்லுடா" என்கிறான் சாஜன். சொன்னால் சூரிபாபு மாட்டுவான். அவனுக்கு ரெண்டு பெண்பிள்ளைகள். எப்படியும் எங்களைச் சேர்த்தேதான் விடுவார்கள். நீ வீணாகக் கவலைப்படாதே.

ஆதில்

பெரியபட்டினம்
21.4.2024

மச்சானுக்கு, ஸலாம்.

நடுவில் ரெண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

இன்று தெரியாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்தால் சூரிபாபு அண்ணன், அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. சாஜன் எங்கே என்றேன். "கேரளா போயாடு" என்றார். உங்களைக் கேட்டேன். ஒரு விரலைத் தூக்கினார். "ஆதில் ஒக்கடே" என்றார். யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்னடி சொல்றான்?" என்று மாமி கேட்டார்கள். நல்லா இருக்காகளாம் என்றேன்.

அவரை ஏச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். சின்னவள் அவர் கழுத்தை விடாமல் கட்டிக்கொண்டிருந்தாள். ஏச முடியவில்லை. கோபமெல்லாம் உங்கள் மேல்தான். அவர் பிள்ளைகளை நினைத்தீர்களே, லாமியா யார் பிள்ளை?

சூரிபாபு அண்ணன்தான் ஊர் வந்துவிட்டாரே, இனியாவது மச்சானை உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள் என்று இஃப்திகாரிடம் அழுதேன். "தீர்ப்பாயிருச்சும்மா. வேற ஜெயிலுக்கு மாத்திட்டாக. எங்கன்னு விசாரிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

அதனால் இந்த உறையின் மேல் உங்கள் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன்.

நஸீஹா