எஞ்சின் ஏற்றியாகிவிட்டது

செங்கல்பட்டு,
27-3-1977.

அன்பு மகன் கிஃபாயத்துல்லாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன். மீதியைக் கீழே படித்துக்கொள்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. லீவு இல்லை, இனி அடுத்த வருஷம்தான் என்று எழுதியிருக்கிறாய். அத்தா மவுத்தானபோது பெற்ற பிள்ளை நீ வர முடியாமல் போனது யார் கையிலும் இல்லை. அந்த மழையில் அன்று சாயங்காலமே அடக்கம் முடிந்துவிட்டது. குவைத்துக்குத் தந்தி வந்து சேர்வதற்குள் இங்கே பந்தலைப் பிரித்துவிட்டார்கள். அதற்காக நான் ஒருநாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் என் இத்தா முடியும்போது கட்டாயம் வருகிறேன் என்று நீயாகத்தான் எழுதினாய். நாலு மாசத்துக்கு மேல் வாசல்படி தாண்டாமல், வெளி ஆண்கள் யார் முகமும் பார்க்காமல், அதை எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இத்தா முடிந்தது. நீ வரவில்லை, கடிதம் வந்தது.

அதிலும் ஒரு முழுப் பக்கம் அத்தாவின் கார் வண்டியைப் பற்றி. எலி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், கார்பரேட்டரைத் துணி சுற்றி வையுங்கள், யாரும் தொட வேண்டாம், நான் வந்துதான் எஞ்சினை ஏற்றுவேன் என்று. கோபப்படாதே. தொட்டுவிட்டோம். எஞ்சின் ஏற்றியாகிவிட்டது. வண்டி ஓடுகிறது.

எப்படி என்று கேட்பாய். சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. எனக்கு இப்போதெல்லாம் நாலு வரி எழுதினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

நீ விட்டுப்போனபோது எஞ்சின் கொல்லைக் கொட்டகையில் பலகை மேல் இருந்தது ஞாபகம் இருக்கும். நீயும் அத்தாவும் சேர்ந்து இறக்கினது. நீ விமானம் ஏறினபிறகு அவர் அதைத் தினமும் துடைத்து வைத்தாரே தவிர, திரும்ப ஏற்றவே இல்லை. பையன் வரட்டும் என்பார். மல்லையில் கடற்கரை பங்களாவைக் காலி பண்ணிக்கொண்டு போன அந்த வெள்ளைக்காரனிடமிருந்து வண்டியை வாங்கி, மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்தாரே, அன்றிலிருந்து எனக்கு இதே கதைதான். உப்புக் காற்றில் தரைத் தகடெல்லாம் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. உள்ளே மரச்சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. தகடு போட்டார், சட்டம் போட்டார், சிவப்புப் பெயிண்ட் அடித்தார், பிடிக்கவில்லை என்று சுரண்டினார். ரெண்டே ரெண்டு பேர் உட்காரும் வண்டிக்கு ஒரு ஆயுசு. முழுசா முடியட்டும் பேகம், உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன் என்பார். ராத்திரி பகல் விளக்குப் பிடித்தவள் நான். ஸ்பேனர் நம்பர் கூட எனக்கு அவர் கேட்பதற்கு முன்னாலேயே தெரியும்.

அவர் போனபிறகு அடித்த மழையில் கொட்டகைக் கூரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. நான் வீட்டுக்குள் முக்காட்டோடு உட்கார்ந்து, எஞ்சின் மேல் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் கன்னியம்மா பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, சாக்கு போட்டும் நனைஞ்சுகினு கீதும்மா என்று சொல்லிப்போவாள். ஒருநாள் எழுந்துபோய்ப் பார்த்தேன். ப்ளக் ஓட்டை வழியாக விரலை விட்டால் துரு ஒட்டிக்கொண்டு வந்தது.

துரையைச் சொல்லி அனுப்பினேன். ஸ்டேஷன் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அத்தாவின் சிநேகிதர் துரைதான். இத்தாவில் இருக்கிறவள் வீட்டுக் கொல்லைக்குள் அவர் எப்படி வருவார்? பின்சந்தில் ஓலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு டின்னைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பீடிப் புகை மட்டும் உள்ளே வரும். இன்னொரு மழை பாத்துச்சுன்னா எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போடணும் பாயம்மா, நான் உள்ளே வர முடியாது, நீங்க செய்ங்க, நான் இங்கேர்ந்து சொல்லிக்கினே இருக்கேன் என்றார். வண்டியை வெளியே தள்ளலாம் என்றால் சக்கரம் இல்லாமல் கல் மேல் நிற்கிறது. எனக்குத் துணைக்கு வந்து தங்கியிருந்த அத்தாவின் அக்கா, உன் சம்சாத் மாமி தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி போய் மண்ணு காயலை, இவ கையில கிரீஸைப் பூசிக்கிட்டு நிக்கிறா, ஊர் சிரிக்கும் என்றாள். என் தம்பி, உன் பஷீருதீன் மாமாவைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி ஹஜ்ரத்திடம் கேட்கச் சொன்னேன். வீட்டுக்குள் செய்கிற வேலைக்குத் தடை இல்லை, அலங்காரம்தான் கூடாது, கிரீஸ் அலங்காரத்தில் சேராது என்றாராம். மாமிக்கு அதற்குமேல் பேச வாயில்லை. ஆனாலும் பேசினாள்.

ஜனவரியில் உன் கம்பெனி சதாசிவம் லீவில் ஊருக்கு வந்து நீ கொடுத்தனுப்பிய பார்சலைக் கொண்டுவந்தார். வண்டிக்குக் கேஸ்கெட், ப்ளக், ரப்பர் சாமான் எல்லாம் வந்தது. எனக்கு ஒரு சால்வையும் வந்தது. அந்தச் சால்வையைத்தான் சாமான் உடையாமல் சுற்றி அனுப்பியிருந்தாய். அதில் ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. சதாசிவம் திண்டிவனம் பஸ் பிடிக்கிற அவசரத்தில் உன் மாமாவிடம் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

கேஸ்கெட் வந்தபிறகு வேலையைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, அத்தாவின் பழைய லுங்கியைக் கிழித்துத் துடைத்து, வால்வை ஒவ்வொன்றாக உட்கார வைத்தேன். துரை தட்டிக்கு வெளியே இருந்து, இன்னா சத்தம் வருது சொல்லுங்க, டொக்குன்னா, டக்குன்னா என்பார். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்வேன். அம்மி ஆடுகிற மாதிரி, மூடி சரியாக உட்காராத டப்பா மாதிரி என்று. அவருக்குப் புரிந்துவிடும். பஷீருதீன் மாமா மல்லையில் சிற்பிகள் பட்டறையிலிருந்து கல் தூக்குகிற முக்காலியும் செயினும் வேன் வைத்துக் கொண்டுவந்தார். கன்னியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மாமா செயினை இழுக்க, எஞ்சின் இறங்கி உட்கார்ந்தது. சிலை தூக்குகிற செயின் என்று மாமா பிஸ்மில்லாவை ரெண்டு தடவை சொன்னார். அன்றைக்கு என் இடுப்பு போனது. இன்னும் திரும்பவில்லை.

அப்புறம் ஒரு கூத்து நடந்தது. ப்ளக் வயர் நாலையும் மாட்ட வேண்டும். துரை அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே, இடது கைப் பக்கமா ஆரம்பிங்க பாயம்மா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் இடது கைப் பக்கமாக ஆரம்பித்து மாட்டினேன். மாமா முன்னால் நின்று, எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டில் போட்டார். கட்டைவிரலை மடக்காதீங்க பாய், ஒடிச்சிடும் என்று துரை வெளியிலிருந்து கத்துகிறார். வண்டி கிளம்பவில்லை, பட்டாசு வெடித்தது. கார்பரேட்டர் வழியாக நெருப்பு வந்து கொட்டகைக் கீற்று கருகியது. தெருவே ஓடிவந்தது. மாமி கலிமா சொல்லிக்கொண்டு குழாயடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி போட்டார், மறுபடி வெடித்தது. சாயங்காலம் வரைக்கும் இதேதான். எஞ்சின் செத்துப்போச்சு போலகீது பாயம்மா, மன்னிச்சுக்குங்க என்று துரை எழுந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அத்தா போனபோதுகூட நாலு பேர் பார்க்க அழுதேன். இது அப்படி இல்லை, ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் காலையில் கன்னியம்மா தட்டிக்கு அந்தப் பக்கம் பெருக்கப் போனாள். குடத்தை இடது பக்கம் வை என்று இங்கிருந்து சொன்னேன். அவள் வைத்த சத்தம் என் வலது பக்கம் கேட்டது. அப்போதுதான் புத்தி வந்தது. துரை சந்திலிருந்து வண்டியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், நான் வண்டிக்கு இந்தப் பக்கம் அவரைப் பார்த்து நிற்கிறேன். அவருக்கு இடது எனக்கு வலது. நாலு வயரும் தலைகீழ். இத்தனை வருஷம் விளக்குப் பிடித்தவளுக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. துரையும் சிரித்துவிட்டார், நடுவுல தட்டி இருந்தா இந்த பேஜாருதான் என்றார். வயரை மாற்றினோம். அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வந்து, கழற்றி வைத்திருந்த சக்கரங்களை மாட்டிவிட்டு ஹேண்டில் போட்டார், மூன்றாவது சுற்றில் கிளம்பிவிட்டது.

சத்தம் கேட்டு மாமி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். தம்பி இருமுற மாதிரியே இருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அன்றைக்கு வெளியே வரவே இல்லை. அவளும் அக்காதானே.

இத்தா முடிந்து முதல் தடவை வெளியே போவது கூடப்பிறந்தவன் வீட்டுக்கு என்பது நம் வழக்கம். மல்லை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த பஷீருதீன் மாமா அக்காளை விடவில்லை, ஆப்பா, இந்த வண்டியிலயே வா என்று பிடிவாதம் பிடித்தார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஏறினேன். மாமா ஓட்டினார், துரை ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். எலக்‌ஷன் முடிந்து ஊர் ஓய்ந்திருந்த நேரம், ரோட்டில் வேடிக்கை பார்க்க வேறொன்றும் இல்லாமல் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் தண்ணீர் கொதித்து நின்றோம். பஸ்ஸில் வந்த மாமி எங்களுக்கு முன்னால் மல்லைக்குப் போய்ச் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரையில் நிறுத்தினார்கள். நான் அழுவேன் என்று எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழுகை வரவில்லை. சந்தோஷமும் வரவில்லை. அலுப்பாக இருந்தது மகனே. அரை நாளில் போய்வருகிற இடம், இதற்கா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று உன் அத்தா மேல் கோபம் வந்தது. பாதி முடிந்த வண்டியிலேயே ஒருநாள் கூட்டிப் போயிருக்கலாம். கொதித்தால் கொதித்துவிட்டுப் போகிறது, வழியில் உட்கார்ந்திருப்போம். நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

திரும்பி வந்து வண்டியைக் கொட்டகையில் விட்டபிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நீ ஒவ்வொரு கடிதத்திலும் எஞ்சினை ஏற்ற வருகிறேன் என்றுதான் எழுதுவாய். அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று எழுதினதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது எஞ்சினையும் நானே ஏற்றிவிட்டேன். இனிமேல் எதைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவேன்?

சதாசிவம் சொன்னது இதுதான். உனக்கு அத்தா தவறின மாசமே லீவு கொடுத்தார்கள். டிக்கெட்டும் கொடுத்தார்கள். நீதான் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாயாம். மாமா இதை என்னிடம் சொல்லாமல் மறைக்கப் பார்த்தார், அவருக்கு மறைக்கத் தெரியாது. நான் உன்மேல் கோபமாக இல்லை. அத்தா இல்லாத வீட்டுக்குள் நுழைய உனக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் நான் அதற்குள்ளேயேதான் இருக்கிறேன், எனக்கு லீவு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. மாமி அடுத்த வாரம் வாலாஜாவுக்குப் போகிறாள், அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கப்புறம் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். கன்னியம்மா ராத்திரி வந்து படுத்துக்கொள்கிறேன் என்கிறாள், பார்க்கலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இனி வண்டியைப் பற்றி உனக்கு எழுத மாட்டேன். எண்ணெய் பார்த்தீர்களா, எலி வந்ததா என்று நீ கேட்டாலும் பதில் வராது. அது நன்றாக இருக்கிறது, துரை பார்த்துக்கொள்வார். நீ வேறு ஒன்று கேட்டு எழுது. அம்மா, ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேள். இல்லை என்று எழுதுகிறேன். அதைப் படித்தபிறகும் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் தலையை மூடிக்கொள். அல்லாஹ் உன் பயத்தை நீக்கி, உன்னைச் சுகமாக என் கண்முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று ஐந்து வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கும்

உன் அம்மா,
ஃபக்ருன்னிசா.