வள்ளத்தின் டீசல்

அனலைதீவு
20.07.2005

அன்புத் தம்பி நிதர்சனுக்கு,

நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். எங்களைப் பற்றி அப்படி எழுத மனம் வரவில்லை. தொலைபேசிக் கடையில் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டு நிற்பார்கள் என்பதால்தான் கடிதம்.

பக்கத்து வளவு இலட்சுமணன் அண்ணை போய்விட்டார். வெள்ளிக்கிழமை விடிய நெஞ்சு நோகுது என்றார். உன் கொம்பனியும் அரசாங்கக் கந்தோரும் சேர்ந்து திறந்த கொம்பியூட்டர் வைத்திய நிலையத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பொய் சொல்லக்கூடாது, நீ வந்து பூட்டிய கொம்பியூட்டர்ப் பெட்டி நன்றாக வேலை செய்தது. கொழும்பு டொக்டர் திரையில் வந்தார். இது மாரடைப்பு, உடனே வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோங்கோ என்றார்.

துறைக்குப் போனால் நோயாளர் வள்ளத்தில் சொட்டு டீசல் இல்லை. ஓட்டி பத்திநாதர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். டீசல் எல்லாத்தையும் கந்தோர் ஆக்கள் அந்தப் பெட்டியின்ரை ஜெனறேற்றருக்கு எடுத்துப் போட்டினம், இனி டொக்டரே கொம்பியூட்டரிலை வாறார், வள்ளம் என்னத்துக்கெண்டு கேட்டவை என்றார். கொம்பனி பெட்டி தரும், கந்தோர் எரிபொருள் தரும், அதுதான் ஒப்பந்தமாம். பயணிகள் வள்ளமும் அன்றைக்கு ஓடவில்லை, எங்கள் ஆட்களின் சின்ன வள்ளங்களுக்குச் சோளகக் காற்றில் கொந்தளிக்கிற அந்தக் கடல் ஏலாது. அண்ணை துறைச் சீமெந்திலேயே கண்ணை மூடினார். அப்போதும் ஜெனறேற்றர் இரைவது கேட்டது.

செத்தவீட்டுக்கு உன் கொம்பனி ஆள் ஒருவர் மலர்வளையத்தோடு வந்தார். அண்ணையின் மனைவி செல்லாச்சி அக்காவை அந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கவேண்டுமாம். கொழும்பிலிருந்தே வருத்தம் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்ட முதல் ஆள் அவர் புருசன்தானாம், பத்திரிகையில் போடப்போகினமாம். வெட்கம் கெட்ட சென்மங்கள். தேத்தண்ணியும் கொடுக்காமல் படலையால் அனுப்பினேன். உன் சம்பளமும் அந்தக் கையால்தான் வருகிறது என்று நினைக்க இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

உன் பெண்சாதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். குழந்தை குறுக்கே கிடக்குது, பிரசவ நோ தொடங்கமுன்னம் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய் இருங்கோ என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார். ஆவணியில்தான் நாள் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு இனிக் கனநாள் இல்லை. சுமித்திரா அசைகிறாளில்லை. அலையாதையும், டொக்டர் கொம்பியூட்டரிலை பார்ப்பார் என்று நீதானே சொன்னாயாம். திறப்புவிழா நோட்டீசிலும் வயிற்றோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அந்தப் படமும் நீ எடுத்ததுதான். நானே பெட்டியை நம்பாமல் வெளிக்கிட்டால் ஊர் அவரைப் பற்றி என்ன சொல்லும் அக்கா என்று என்னையே கேட்கிறாள்.

நான் சொல்லிக் கேட்கமாட்டாள். லீவு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இன்றைக்கே தொலைபேசிக் கடைக்கு ஒரு கோல் எடுத்து அவளைக் கூப்பிடு. நீ பூட்டிய பெட்டியை நம்பவேண்டாம் என்று உன் வாயால் சொல்லு. சொன்னால், கடல் அடங்கிற முதல் நாளே பயணிகள் வள்ளத்தில் நான் கூட்டிக்கொண்டு போவேன்.

ஐயனார் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
சறோஜினிதேவி