அறுத்தெடுத்த வார்த்தை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். என் மானத்துக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை.

நம் குடியிருப்பில் நான் பார்த்துக்கொள்கிற லிஃப்டில் போன வாரம் ஆட்கள் கூட்டமாக ஏறியதில், அது பாதியில் நின்றுவிட்டது. ஆத்திரத்தில் பலகை ஒன்றில் ஆங்கிலத்தில் எழுதி மாட்டினேன். வயது, மாடி, அவசரம் எதுவானாலும், 'இர்ரிகார்ட்லெஸ்', எட்டுப் பேர்தான் என்று. லிஃப்ட் பொருத்த வந்த என்ஜினீயர் வாய்க்கு வாய் சொன்ன வார்த்தை அது. கோட்டுப் போட்ட வார்த்தை என்று நம்பிவிட்டேன். பிள்ளைகள் பலகையோடு நின்று போட்டோ எடுத்தார்கள். என் கையெழுத்து அழகாயிருக்கிறது போல என்று நானும் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன்.

மூன்றாம் மாடி டீச்சரம்மாதான் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, 'ரிகார்ட்லெஸ்'னாலே எதையும் பார்க்காமன்னுதான் அர்த்தம். முன்னாடி அந்த 'இர்' அதிகப்படி. அகராதியில இருக்கு, ஆனா படிச்சவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார். எதையும் ஒத்துக்கொள்ளாத நம் சொந்தக்காரர்களைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் யோசித்தேன். அர்த்தம் கெட்டுவிடுமா என்று கேட்டேன். கெடாது, அழுத்திச் சொன்ன மாதிரி இருக்கும் என்றார். உன் அம்மா மட்டும் ஒரு தரமா சொல்கிறாள்? சாப்பிடு, சாப்பிடு என்றுதானே சொல்வாள்!

அம்மா என்றதும் ஞாபகம் வருகிறது. நீ மாப்பிள்ளை வீட்டைவிட்டு ஹாஸ்டலுக்கு வந்துவிட்டதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாயாம். காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டாள். அப்பாவுக்குத் தலைகுனிவாகிவிடுமே என்று அழுதாயாம். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தவனுக்கு இனி என்னம்மா தலைகுனிவு? நியாயம் யார் பக்கம் என்று கேட்க மாட்டேன். உனக்குத் தோன்றும்போது சொல், கேட்டுக்கொள்கிறேன்.

உன் அறையில் போட்டு வைத்திருந்த லிஃப்ட் சாமான்களை அப்புறப்படுத்திவிட்டேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டாயிற்று. ஜன்னல் இப்போது ஒரு கையாலேயே திறக்கிறது.

டீச்சரம்மா சொன்னதைக் கேட்டுப் பலகையைக் கழற்றிவிட்டேன். லிஃப்டுக்கு 'எட்டுப் பேர்' என்பதே போதும். அந்த 'இர்ரிகார்ட்லெஸ்' என்ற ஒரு வார்த்தையை மட்டும் ரம்பத்தால் அறுத்தெடுத்து, உன் அறைக் கதவில் ஆணியடித்திருக்கிறேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். நல்ல பலகை, வீணாகக் கூடாதே என்று சொல்லிவைத்தேன்.

நீ நன்றாயிருப்பாய், எனக்குத் தெரியும். பெட்டிகள் நிறைய இருந்தாலும் யோசிக்காதே. லிஃப்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா