உங்கள் ‘டிஸ்அக்ரீ’யோடு பள்ளிக்கூடம் போனேன்

அன்புள்ள இஞ்சேருங்கோவுக்கு,

உங்களைப் பேர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இனிமேலா கூப்பிடப் போகிறேன்? நீங்களும் என்னை ‘இஞ்சேரும்’ என்றுதானே கூப்பிட்டீர்கள். உங்கள் முதலாம் திவசத்துக்கு வருகிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்டப்போகிறேன். பிள்ளை வளர்க்கிற தாய்மாரும் கேட்கட்டும்.

மகள் என்னோடு தமிழ் கதைப்பதை நிறுத்தியிருந்தாள். உங்களோடும்தான்.

நீங்கள் போனதிலிருந்து, விளக்கு வைத்ததும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று அன்றைக்கு நடந்ததெல்லாம் சொல்லுவாள். யார் தள்ளிவிட்டது, யார் சான்ட்விச்சில் பாதி தந்தது, ஒன்றும் விடமாட்டாள். பிறகு ஒருநாள் தொடக்கம் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றுவிட்டுப் போய்ப் படுத்தாள். ஏன் என்று கேட்டால், “மிஸ் செட் நோ டமில். யூ செட் யெஸ், மம்” என்றாள். ஆறு வயசுப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

நான் எப்போது யெஸ் சொன்னேன்?

சொல்லித்தான் இருக்கிறேன். பிள்ளை வகுப்பில் வாய் திறக்கிறாள் இல்லை என்று அந்த மிஸ் என்னைக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், இங்கிலிஷ் மட்டும் கதையுங்கள், அப்போதுதான் முன்னுக்கு வருவாள் என்று நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். படிப்பிக்கிறவர் கதைக்கும்போது நாங்கள் எப்படி இருப்போம்? ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டி, ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்போம். அது ஒரு மரியாதை. அந்த ஓமைத்தான் நான் யெஸ் யெஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விருப்பமில்லாத ஒன்றென்றால் எழும்பும்போது, ‘வீட்டில யோசிச்சுச் சொல்லுறன்’ என்போம். எங்கள் ஆட்களுக்கு அதிலேயே விளங்கிவிடும். அதையும் இங்கிலிஷில் சொல்லிப் பார்த்தேன். மிஸ் என் கையைக் குலுக்கி, சம்மதித்ததற்கு நன்றி என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன், விசரி.

பக்கத்து யூனிட் வீட்டு மதுரைக்கார சரோஜா அக்காவிடம் சொன்னால் அவர் பயந்தார். “விடும்மா. டீச்சர் சொன்னா கேட்டுட்டுப் போவியா! நீ இன்னும் ரெசிடென்சிக்குக் காத்துக்கிட்டு இருக்கவ. இவங்ககிட்டப் போய் வம்பு வளர்க்கணுமா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உங்கள் வேலையைக் காட்டி, இங்கேயே நிரந்தரமாக இருக்கக் கேட்ட ரெசிடென்சி. நீங்களே இல்லாதபோது அது என்ன ஆகுமோ என்று எனக்குத் தினமும் நெஞ்சு இடிக்கிறது. எண்பத்துமூன்றில் கொழும்பில் எங்கள் ஒழுங்கை வீடு வீடாக எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். பெரிய இடத்தில் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு எங்கே இருந்து வாய் வரும்?

அப்போதுதான் உங்கள் டிஸ்அக்ரீ ஞாபகம் வந்தது.

இந்த நாட்டுக்கு வந்து, பாபடோயிட்டோயில் சாமான் அடுக்குகிற ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், முகத்தில் ரத்தமே இல்லாமல் வந்தீர்கள். “என்ர வேலை போச்சுதப்பா. போர்மன் எல்லாருக்கும் முன்னால, ஐ டிஸ்அக்ரீ வித் யூ எண்டுட்டான்” என்றீர்கள். அன்றைக்கு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. அடுத்தநாள் அதே போர்மன் தன் காரில் உங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டான். வழியில் சிப்ஸும் வாங்கித் தந்தானாம்!

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நீங்கள் விட்ட பாடில்லை. டிக்‌ஷனரியைப் புட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கம் சொன்னீர்கள்.

“ஆளோட டிஸ்அக்ரீ பண்ணலாம். அவர் சொல்லுற கதையோட பண்ணலாம். ரெண்டு கணக்கு ஒண்டோட ஒண்டு டிஸ்அக்ரீ பண்ணும். இறால்கூட எனக்கு டிஸ்அக்ரீ பண்ணும்.”

“உங்களுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது எண்டு எனக்குத் தெரியும்தானே. அதுக்கு என்னத்துக்கு டிக்‌ஷனரி?” என்றேன்.

“சிரியாதையும். ரெஃபியூஸ் எண்டால் மாட்டன் எண்டு கதவைச் சாத்திறது. அப்போஸ் எண்டால் எதிர்ப்பக்கம் போய் நிக்கிறது. இது அப்பிடியில்லை. இருந்த கதிரையில இருந்துகொண்டே சொல்லுறது. அவங்கள் ஃபெயர் இனஃப் எண்டு சொல்லிப்போட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில வைப்பாங்கள்.”

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் எல்லாவற்றுக்கும் டிஸ்அக்ரீதான். சம்பலில் உப்புக் காணாது, ஐ டிஸ்அக்ரீ. என் பச்சைச் சேலை, ஐ டிஸ்அக்ரீ. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அகப்பையால் போட்டிருக்க வேண்டும்.

நேற்றுத் தையல் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். மிஸ்ஸோடு பிரின்சிபலும் இருந்தார். மகளை வெளியே நீட்டு வாங்கில் இருத்தினார்கள். வீட்டில் தமிழ்தான் கதைப்பேன் என்று சொன்னேன். பிரின்சிபல் புருவத்தை உயர்த்தி, “பட் யூ அக்ரீட்” என்றார். அந்த யெஸ் நான் கேட்டுக்கொண்டிருந்ததற்குச் சொன்ன யெஸ், சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் பொறுமையாக, பிள்ளைக்கு எது நல்லது என்று தங்களுக்குத் தெரியும் என்றார்.

“ஐ டிஸ்அக்ரீ வித் யூ.”

கத்திவிட்டேனோ தெரியாது. மிஸ் நிமிர்ந்து பார்த்தார். பிரின்சிபல் பேனையை மேசையில் வைத்தார். எங்கே அந்த ஃபெயர் இனஃப்? ஒருவரும் சொல்லவில்லை! கேத்தலும் இல்லை, ஒன்றும் இல்லை. ரெசிடென்சி போய்விட்டது, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பிளேன் ஏற வேண்டியதுதான் என்று நினைத்தேன். உங்கள் மேல்தான் கோபம் வந்தது. எழும்பி ஓடத்தான் கால் உன்னியது. கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

“வை?” என்று மிஸ்தான் மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். தகப்பன் செத்த பிறகு அவள் மனம் விட்டுக் கதைத்தது அவருடைய படத்தோடுதான், அது தமிழில்தான், இப்போது அங்கேயும் ஊமையாக நிற்கிறாள் என்று சொன்னேன். அவள் வாய் திறந்த ஒரு இடத்தையும் மூடிவிட்டீர்களே என்றும் கேட்டேன். மிஸ்ஸின் முகம் சிவந்தது. பிரின்சிபல் பேனையைத் திரும்ப எடுத்து, இந்தப் பள்ளித் தவணை முடியும்வரை உங்கள் விருப்பப்படி செய்யுங்கள், பிறகு பார்ப்போம் என்றார். அவ்வளவுதான் கிடைத்தது.

மிஸ் வெளியே வந்து மகளுக்கு முன்னால் முழந்தாளில் இருந்து, அப்பாவிடம் எல்லாம் சொல்லு, உனக்கு விருப்பமான பாஷையில் சொல்லு என்றார். மகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டாள். ஏவன்டேல் ரயில் பாதையைக் கடந்து வீடு வரும்வரைக்கும் என்னோடும் ஒரு சொல் இல்லை.

பின்னேரம் விளக்கு வைத்தேன். வந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. பிந்திப் போய்விட்டேனோ?

“அப்பா, அம்மா இண்டைக்குப் பிரின்சிபல் சேரோட சண்டை பிடிச்சவா.”

“சண்டை இல்லையம்மா” என்றேன். “டிஸ்அக்ரீ பண்ணினனான்.”

இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இல்லை. சண்டைதான். நான் வாங்கில இருந்து கேட்டனான்.” பிறகு உங்கள் பக்கம் திரும்பினாள். “சண்டைதான், அப்பா.”

நான் நிலத்தில் இருந்து அழுதேன். அவள் பாட்டுக்கு உங்களுக்கு முழுவதையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தவணை முடியத் திரும்பக் கூப்பிடுவார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போவேன். தலையாட்டாமல் இருந்து கேட்பேன், கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன். நீங்கள் விளக்கடியில் கேட்டுக்கொண்டிருங்கள், அவள் கதை நிற்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அந்தச் சம்பலில் உப்பு அளவாகத்தான் இருந்தது.

உங்கள் மகளின் அம்மா,
உங்கள் இஞ்சேரும்