பரீட்சைக்கு வராத வரி

பிப்ரவரி 3, திங்கள்
மெஷினில் மறுபடியும் பேப்பர் சிக்கியது. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு நோட்ஸ் நாற்பது செட் போட வேண்டும். எழுதித் தருபவர் ஜெபின் சார். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக வாத்தியார். இந்த முறை ஒரு நீண்ட பாட்டு. பழைய பிரான்ஸ் தேசத்தில் ஒரு வாத்தியாரும் அவரிடம் படித்த பெண்ணும் விரும்பியிருக்கிறார்கள். பெண்ணின் மாமன் ஆள் வைத்து அவர் ஆண்மையை அறுத்துவிட்டான். அவர் சாமியாராகிவிட்டார், அவள் கன்னிமடத்துக்குப் போய்விட்டாள். அறுநூறு வருஷம் கழித்து ஓர் இங்கிலீஷ்க் கவிஞர், மடத்திலிருந்து அவள் எழுதும் கடிதமாக அதைப் பாடியிருக்கிறார். மண்டியிட்டாலும் அவளுக்கு அவர் முகம்தான் வருகிறதாம்.

“அந்த மாமன் செஞ்சத ஒரே வரியில முடிச்சிட்டீங்களே சார்?”

“அது பரீட்சைக்கு வராதுக்கா.”

பிப்ரவரி 11, செவ்வாய்
மாதவி கடைக்கு வந்தால் சாருக்குப் பேச்சு குழறுகிறது. கடைசி வருஷம் படிக்கிறாள். அப்பா இல்லை. வளர்ப்பது பெரியப்பா சுப்புராஜ் அண்ணாச்சி, என் கடைக் கட்டிடத்துக்காரர். சாரை வீட்டுக்கு டியூஷனுக்குக் கூப்பிட்டதும் அவரேதான். எனக்கென்ன? நான் ஜெராக்ஸ் போடுகிறவள்.

பிப்ரவரி 19, புதன்
மத்தியானம் அண்ணாச்சி வந்தார். சிரித்த முகம். “வாத்தியாரு எங்கன தங்கியிருக்காரு பொன்மணி? புள்ள நோட்டு ஒண்ணு அவருட்ட கெடக்கு.”

ஸ்ரீவில்லிபுத்தூர், இன்ன தெரு, மாடி அறை — சொல்லிவிட்டேன். கேட்டதைச் சட்டென்று எடுத்துக் கொடுத்தே வளர்ந்த கடை. வாயும் அப்படியே பழகிவிட்டது. அவர் போன பிறகுதான் பார்த்தேன். வெளியே பைக்கில் ரெண்டு பேர் காத்திருந்தார்கள். ஒரு நோட்டு வாங்க எதுக்கு அம்புட்டு ஆளு? அதே நோட்ஸ் இன்னும் நாற்பது செட் கேட்டிருந்தார்கள்; மெஷின் இரண்டாம் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. மாமன் வரி. நாற்பது தடவை.

சார் போனை எடுக்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

மாடி அறையில் சார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வந்து விசாரித்ததைச் சொன்னேன். “அவிய நல்ல மனுசருக்கா.”

“ஏலே, நீ எழுதுன நோட்ஸ நீயே படிக்கலையா? கெளம்பு!”

சோழபுரத்தில் என் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்
அறைப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். புத்தகமெல்லாம் கிழிந்து கிடக்கிறதாம். தெருவில் யாரும் எதையும் பார்க்கவில்லையாம்.

பிப்ரவரி 21, வெள்ளி
“மாசக் கடைசிக்குள்ள கடைய ஒழிச்சிரு.” என்றார் அண்ணாச்சி. நான் பஸ் ஏறியது அவர் காதுக்குப் போயிருக்கும். பன்னிரண்டு வருஷக் கடை. காப்பாத்துனவன்னு சாருட்ட பேரு வாங்கிட்டேன். காட்டிக் கொடுத்ததும் நாந்தானே?

பிப்ரவரி 28, வெள்ளி
மெஷினை ஏற்ற வேன் வந்து நின்றபோது மாதவி வந்தாள், பெரியம்மாவோடு. கல்லூரியை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளை பார்த்தாயிற்று. ஆதாருக்கு ஒரு காப்பி வேண்டுமாம். மெஷின் கண்ணாடிமேல் அவளே கார்டை வைத்தாள். காப்பி எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் தூக்கிக் கார்டை எடுத்ததும் அவளேதான்.

“எல்லாத்தையும் எடுத்துக்கிட்டியாட்டி?” என்றார் பெரியம்மா.

“எடுத்தாச்சு,” என்றாள், என்னைப் பார்த்து.

போன பிறகு மூடியைத் தூக்கினேன். நாலாக மடித்த தாள், பொடி எழுத்து. படிக்கவில்லை. முதல் வார்த்தை மட்டும் கண்ணில் பட்டுவிட்டது.

வேன்காரரைச் செத்த நேரம் இருக்கச் சொல்லிவிட்டு, சோழபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.