எல்லைக்கல் தள்ளிய வருஷம்

ஆல்டன் கவுன்ட்டி, கேன்சஸ்
செப்டம்பர் 9, 1878

கேப்டன் ஐயா,

நல்லா இருக்கீங்களா? குண்டு பாஞ்ச இடுப்பு மழைக்கு இன்னும் குடையுதா? எனக்கு முழங்கால் வலிச்சா மறுநாள் மழை. இங்க சோளம் பரவாயில்லை.

சண்டையில நம்ம பட்டாளக் கம்பெனிக்கு யாரு கேப்டன்னு ஓட்டு வெச்சப்ப முதல்ல கை தூக்கினவன் நான். நீங்க சட்டசபைக்கு நின்னப்பவும் ஊரையே வண்டியில ஏத்திட்டுப் போனேன். இப்ப நீங்க ஜட்ஜு. அடுத்த வாரம் உங்க முன்னால வர்ற ஊத்து வழக்கு என்னோடதுதான். பக்கத்து நிலத்து ஸ்வீடன்காரன் லிண்ட்க்விஸ்ட் தன்னோடதுங்கிறான். அது போச்சுன்னா என் மாடுங்களுக்குத் தண்ணி இல்லை. எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் ஊத்து இருக்கோ, அதை வெச்சுத்தான் தீர்ப்பாம்.

எல்லைக்கல்லுன்னதும் ஞாபகம் வருது. வெட்டுக்கிளி வந்து சட்டை பட்டனைத் தவிர எல்லாத்தையும் தின்னுச்சே, அந்த வருஷம், ஏரு தட்டுதுன்னு அந்தக் கல்லை நான்தான் முப்பதடி தள்ளி வெச்சேன். அதுக்கு முன்னால ஊத்து அவன் பக்கம். என்ன கனம்ங்கிறீங்க! சேத்துல மாட்டின நம்ம பீரங்கி தோத்துடும்.

பாத்துச் செய்யுங்க.

உங்க பழைய சிப்பாய்,
ஆர்வில் டட்டில்

செப்டம்பர் 18, 1878

அன்புள்ள ஆர்வில்,

இடுப்பு குடைகிறது. வழக்காடுபவர் நீதிபதிக்குத் தனியே எழுதினால், எதிராளிக்குத் தெரியாமல் அதை வைத்துக்கொள்ள முடியாது. உன் கடிதத்தை நேற்று மன்றத்தில் உரக்கப் படித்தேன். கல்லைப் பற்றிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. போரில் என்னை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தவனின் வழக்கை நான் விசாரிப்பதும் முறையல்ல. பக்கத்து மாவட்ட நீதிபதி வருவார்.

தானியல் ஹாஸ்கெட்

நவம்பர் 5, 1878

கேப்டன் ஐயா,

உடம்பு தேவலையா? நான் தோத்துட்டேன். கல்லு பழைய இடத்துக்கே போயிடுச்சு. லிண்ட்க்விஸ்ட் வேலியில வழி விட்டிருக்கான். “ஓய் டட்டில், மாடு கத்துது, ஓட்டிட்டு வாரும். கல்லை மட்டும் தொட்டுடாதேயும்!”ங்கிறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான், அதுதான் தாங்கலை.

இன்னிக்கு எலெக்‌ஷன். மறுபடி ஜட்ஜுக்கு நிக்கிறீங்களே, உங்க பேரு போட்ட ஓட்டுச் சீட்டு என் சட்டைப்பையில இருக்கு. என் கடுதாசியையே மறைக்காதவரு வேற யாரோடதையும் மறைக்க மாட்டீங்க. ஓட்டு உங்களுக்குத்தான். ஆனா இனிமே கடுதாசி கிடையாது. இதுதான் கடைசி.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அன்னிக்கு ஆத்துல, முதுகுல இருந்துக்கிட்டு, பயத்துல என் காதுல ஒண்ணு சொன்னீங்களே, அதைப் பதினஞ்சு வருஷமா நான் ஒருத்தர்கிட்டயும்... என் பெண்டாட்டி மெர்சி வண்டியைப் பூட்டிட்டுக் கத்துறா: “ஜட்ஜுக்கு எழுதிக் கிழிச்சது பத்தாதா? ஓட்டுப் போட வர்றீங்களா இல்லையா?” வர்றேன்டி! கேப்டன், அதை நான் அடுத்த கடுதாசியில எழுதறேன்.