ஐந்தாம் நாள் உபயம்

உ

ஹொல்ஸ்டெப்ரோ,
11.01.2026

அன்புள்ள இராசலட்சுமி அக்காவுக்கு,

பிள்ளையாரின் கிருபையால் நாங்கள் நாலுபேரும் சுகம். உங்கள் அக்கா தவமணி இப்போது கோல் இல்லாமல் நாலடி நடக்கிறா என்று கேள்விப்பட்ட அன்றே பிள்ளையார் மண்டபத்தில் ஒரு தேங்காய் உடைத்தேன். இடுப்பு முறிந்த மனுசி ஆறு மாதத்தில் எழும்பி நடப்பதென்றால் அது உங்கள் கைப்பக்குவம்தான். அவவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதம், ஊருக்கு வருகிற எங்கள் மண்டபத்துப் பிள்ளை கிறிஸ்ரினாவின் கைப்பையில் வருகிறது. இங்கே சிவப்புத் தபால் பெட்டிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் என்றால் முதல் வசனத்தோடு நீங்கள் அழத் தொடங்குவீர்கள், இரண்டாவது முடிவதற்குள் விமான ரிக்கற் தேடுவீர்கள். கடிதம் என்றால் ஆறுதலாக இருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கலாம். அப்படியே வாசியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் மாமாங்கம் அண்ணை உடம்பால் நல்ல சுகமாக இருக்கிறார். அதை முதலே எழுதிவிட்டேன்.

அவருக்கு வேலை போய்விட்டது. நீங்கள் விமானம் ஏறி மூன்றாம் கிழமை தொழிற்சாலையில் கடிதம் கொடுத்தார்களாம். ஓகஸ்ட் முடிவோடு இருபத்துநாலு வருட வேலை முடிந்தது. அவரோடு சேர்த்து அறுபது பேர். உங்கள் அக்காவின் வைத்தியத்துக்கு வழமைபோல மாதா மாதம் காசு வந்ததல்லவா? அது சம்பளம் இல்லை, சேமிப்பு. நீங்கள் நிம்மதியாக அக்காவைப் பார்க்கவேண்டும் என்று உங்களுக்கும் சொல்லவில்லை, ஓகூஸ் நகரத்தில் படிக்கிற மகன் லோஜனுக்கும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியவந்தது கார்த்திகை விளக்கீடு அன்றைக்கு. நீங்கள் இல்லாத வீட்டில் ஒரு விளக்கு வைத்துவிட்டு வருவோம் என்று போனேன். அண்ணை கதவை அரைவாசிதான் திறந்தார். வீட்டுக்குள்ளேயே குளிருடுப்புப் போட்டிருந்தார். "ஹீற்றர் பழுது கா, திருத்திற ஆள் நாளைக்கு வருவான்" என்று உங்கள் ஊர்க் "கா" போட்டுச் சொன்னார். விளக்கு வைக்க உள்ளே போகும்போது கையால் தொட்டுப் பார்த்தேன். ஹோலில், அறையில், குசினியில் எல்லா ஹீற்றரும் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தன. ஒரே நாளில் எல்லாமா பழுதாகும்? குசினியில் ஓட்ஸ் பெட்டியும் ஒரு கோப்பையும் இருந்தன. உங்கள் அரிசி வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வேலை போன கதையைச் சொன்னார்.

எங்கள் மாதர் வட்டத்தைப் பற்றிப் போனில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். இந்த மாரியில் இங்கே பல வீடுகளில் இதே கதைதான். அதனால் நாங்கள் ஏழு பேரும், மாதா கோயில் வேதக்காரப் பிள்ளைகளோடு மேரிகிறேசும், டேனிஷ் தேவாலயத்துக் கிர்ஸ்டன் அம்மாவின் ஆட்களும் ஒன்றாகச் சேர்ந்து கிழமைக்கு கிழமை சாப்பாட்டுப் பொதி கட்டிக் கொடுக்கிறோம். அவர்களிடம் நிலவறையும் குளிர்பெட்டியும் இருக்கிறது. எங்களிடம் கையும் வாயும் இருக்கிறது. முதல் கிழமை அவர்கள் கட்டிய பொதியில் ஈரல் பசையும் பன்றி இறைச்சியும் இருந்தன. எங்கள் சனம் அந்த ஈரலைத் தொடாது, பொதிக்கு வருகிற சிரியாக்காரர் பன்றியைத் தொடமாட்டார்கள். கிர்ஸ்டன் தலையில் கைவைத்துக்கொண்டு, "சரி, எதைச் சாப்பிடுவீர்கள் என்று நீயே எழுது" என்று கொப்பியை என்னிடம் தந்துவிட்டா. இப்போது அரிசி, மைசூர்ப் பருப்பு, தேங்காய்ப்பால் ரின், ரின்மீன், முட்டை. சைவ நாட்களுக்கு வேறு பொதி. போன வெள்ளி வரைக்கும் நாற்பத்துமூன்று வீடு. ஒரு பொதிகூடத் தவறவில்லை.

அண்ணைக்கும் ஒரு பொதி எடுத்துவைக்கிறேன் என்றேன். மூன்று முறை மாட்டேன் என்றார். "கையேந்தித்தான் இந்த நாட்டுக்கு வந்தம் தங்கச்சி. இரண்டாந்தரம் ஏந்த ஏலா" என்றார். ஒருவரும் காணாமல் தருகிறேன் என்று சத்தியம் பண்ணினேன். திருவெம்பாவை ஐந்தாம் நாள் எங்களுடைய உபயம், பூசைச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. பூசை நேரத்தில் எல்லாரும் மூலத்தானத்தைப் பார்த்து நிற்பார்கள். மண்டபத்தின் பின்பக்கம், குசினிக் கதவால் வாருங்கள், பொதியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றேன். கடைசியில் தலையை ஆட்டினார்.

இனித்தான் என் பிழை. பொதி எடுக்கிற ஒவ்வொருவருக்காகவும் நான் வீட்டில் விளக்கேற்றிப் பெயரும் நட்சத்திரமும் சொல்லிக் கும்பிடுவேன். அரிசி பருப்பு கொடுத்தால் மட்டும் போதுமா, அதுக்குரிய பிள்ளையாரிடமும் ஒரு சொல் சொல்லவேண்டாமா? மறக்காமல் இருக்க ஒவ்வொரு பெயரையும் ஒவ்வொரு துண்டில் எழுதி வைப்பேன். உபயகாரரின் பெயரும் நட்சத்திரமும் ஐயருக்கு எழுதிக் கொடுப்பதும் அதேமாதிரித் துண்டில்தான். அன்றைக்கு அறுபது பேருக்குச் சாம்பார், பொங்கல், வடை. அடுப்புக்கும் மண்டபத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஐயர் கைநீட்ட, சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஒலிபெருக்கியில் ஐயர் வாசிக்கிறார்: "இன்றைய உபயகாரர் மாமாங்கம், பூரட்டாதி நட்சத்திரம், குடும்பத்தினர் முன்னால் வரவும்."

அக்கா, நான் துண்டை மாற்றிக் கொடுத்துவிட்டேன். குசினிக் கதவில் பொதியும் கையுமாக அண்ணை நிற்கிறார். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் வாய் திறக்க முன்னமே என் வீட்டுக்காரர் தவராஜா போய், அந்தப் பொதியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "வாங்கோ அண்ணை, ஐயர் கூப்பிடுறார்" என்று அவரை முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் உபயத்துக்கு அவருக்கு மாலை போட்டு, தேங்காய்ப் பாதியும் பழமும் வெற்றிலையும் வைத்து உபயகாரருக்குரிய காளாஞ்சி கொடுத்தார்கள்.

பந்தியில் எல்லாரும் அவரிடம் வருகிறார்கள். சாம்பார் நல்லம் என்கிறார்கள். நிரோஜனை உங்களுக்குத் தெரியுமே, லொறி ஓடுகிற பொடியன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். அவன் உரத்துச் சொன்னான்: "என்ன மாமாங்கம் அண்ணை, சத்தமில்லாமல் உபயம் செய்யிறியள், லொத்தர்ச் சீட்டு விழுந்திட்டுதோ? எங்களுக்கும் காட்டுங்கோவன்!" சனம் சிரித்தது.

அண்ணை சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழும்பினார். அவர் போகப்போகிறார், இனி இந்தப் பக்கம் வரவேமாட்டார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. "லொத்தர் இல்ல தம்பி. இது என்ட உபயமும் இல்ல. இது தவராஜா தம்பிட. நான் பொதி எடுக்க வந்த ஆள். எனக்கு வேல போய் நாலு மாசம். சாமிக்கு முன்னால பொய்யாக் காளாஞ்சி வாங்கிட்டன், அத வெச்சிக்கொண்டு சோறு இறங்குதில்ல" என்றார்.

பிறகு நிரோஜன் வந்து அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தான். "அண்ணை, என்னையும் ஒக்ரோபரிலை நிப்பாட்டிப்போட்டாங்கள். என்ரை முகத்தை ஒருத்தரும் பாக்கக்கூடாதெண்டுதான் பகிடி விட்டுக்கொண்டு திரியிறன்" என்றான். அவன் மனைவிக்கே அது அந்த நேரம்தான் தெரியவந்தது. அவள் சாம்பார் வாளியோடு நின்று, "வீட்டை வாருமன், கதைப்பம்" என்றாள். சனம் திரும்பவும் சிரித்தது, இந்தமுறை வேறுமாதிரி. அன்று பந்தி முடியமுன் இன்னும் மூன்றுபேர் குசினிக்கு வந்து தங்கள் பெயரையும் எழுதச் சொன்னார்கள். பின்கதவால் ஒருவரும் வரவில்லை.

மற்ற நாளே மேரிகிறேசின் கணவர் றொபேட் வந்தார். அவர் பதினைந்து வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர், சட்டமெல்லாம் தண்ணீர்பட்டபாடு. அண்ணையின் கணினித் தபாலைத் திறந்தால், திறக்காத கடிதங்கள் நாற்பத்தொன்று! பயத்தில் நாலு மாதமாக ஒன்றையும் பார்க்கவில்லை. அதற்குள் அவருக்குச் சேரவேண்டிய விடுமுறைக்காசு கேட்பாரில்லாமல் கிடந்தது. "காசு கதவைத் தட்டியிருக்குது, நீர் கதவைத் திறக்கேல்லை" என்று றொபேட் ஏசினார். அந்தக் காசு வந்துவிட்டது. ஹீற்றர் எல்லாம் சுடுகிறது, நான் தொட்டுப் பார்த்தேன். லோஜனுக்கும் சொல்லிவிட்டார். அவன் டேனிஷில் ஏதோ கத்தினானாம். பிறகு பஸ்ஸைப் பிடித்து வந்து இரண்டு நாள் தகப்பனோடு நின்றுவிட்டுப் போனான்.

கிர்ஸ்டன் அம்மா முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாலு கிழமைப் பயிற்சிக்கு இடம் எடுத்துக் கொடுத்திருக்கிறா. நாளைக்குத் தொடங்குகிறார். பயிற்சிதான், ஆனால் அங்கே மார்ச்சில் இரண்டுபேர் ஓய்வு எடுக்கிறார்களாம். அவர் வேலையைப் பார்த்தவர்கள் அவரை விடமாட்டார்கள். இதை நான் ஆறுதலுக்கு எழுதவில்லை, நிச்சயமாகத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு காரியம் ஆகவேண்டும். அண்ணைக்கு வேலை கிடைக்கும்வரைக்கும் நகரசபையில், அதுதான் கொம்யூனில், உதவி கேட்கிறோம். கணவன் மனைவி இருவருடைய விபரமும், உங்கள் சம்மதமும் இல்லாமல் விண்ணப்பம் நகராது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். செய்யவேண்டியதை றொபேட் ஒரு தாளில் தமிழில் எழுதியிருக்கிறார், கடிதத்தோடு வைத்திருக்கிறேன். போனில் ஐந்து நிமிட வேலை. இதனால்தான் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்று அண்ணையிடம் சொன்னேன். "எனக்கு வாய் வரல்ல கா, நீங்க எழுதுங்க. வீட்டுக்காரிக்கு வேல போனதச் சொல்றது, சபையில சொன்னத விடப் பாரம்" என்றார்.

உபயத்தன்று வீட்டுக்கு வந்ததும் என் மனுசன், "ஞானேஸ்வரி, உம்மடை கணக்கிலை முதல்முறையாப் பிழை வந்திருக்குது, அதுவும் நல்ல இடத்திலை வந்திருக்குது" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது முதலாவது இல்லை, அக்கா.

எட்டு வருடத்துக்கு முன் நீங்கள் வீடு வாங்க வங்கிக்கு வரவுசெலவு காட்டவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டீர்கள். உங்கள் சாப்பாட்டு மேசையில் அடிமட்டமும் பென்சிலுமாக நான்தான் இருந்தேன். ஆ-கஸ் என்று வேலையிழப்புக் காப்புக்கு மாதம் ஐந்நூறு குரோனர் போய்க்கொண்டிருந்தது. இது வேண்டுமா என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். பதினாறு வருடமாக வேலை போகாத மனுசனுக்கு இது வீண்செலவு என்று நான்தான் கோடு போட்டு வெட்டினேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் இரண்டு வருடத்துக்கு அவருக்கு மாதா மாதம் காசு வந்திருக்கும். ஹீற்றரை மூடியிருக்கமாட்டார். அரிசி வாளியைக் கவிழ்த்திருக்கமாட்டார். விளக்கீட்டு நாளில் அந்த வாளியைக் கண்டவுடனே எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வந்தது.

அண்ணையிடம் சொன்னேன். "நீங்களும் எங்கட நன்மைக்குத்தானே கா சொன்னீங்க" என்றார். ஏசியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். இப்போது மண்டபத்துக்கு வருகிற முப்பத்தொரு வீட்டிலும் ஏறி இறங்கி ஆ-கஸ் இருக்கா என்று கேட்டுவிட்டேன். ஆறு வீட்டில் இல்லை. ஆறுபேரையும் றொபேட்டுக்கு முன்னால் இருத்திச் சேர்த்தாயிற்று. அண்ணையும் வேலை கிடைத்த அன்றே சேருகிறேன் என்றார். அது உங்களுக்குப் பட்ட நட்டத்தை ஈடுசெய்யாது என்று எனக்குத் தெரியும்.

இதை வாசித்து முடித்ததும் அண்ணைக்குப் போன் எடுங்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்காதேயுங்கள். சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள், மிச்சத்தை அவரே சொல்லுவார். உங்கள் அக்காவை அரைகுறையில் விட்டுவிட்டு ஓடி வராதேயுங்கள், மாசியில் வருவதாக இருந்தபடியே வாருங்கள். இங்கே நாங்கள் இருக்கிறோம். அவரைத் தனியே சாப்பிட விடமாட்டோம்.

உங்களுக்குக் கோபம் வந்தால் அதில் ஒரு துளியும் அவருக்கு வேண்டாம், முழுவதையும் எனக்கென்று எடுத்து வையுங்கள். நீங்கள் வந்திறங்குகிற அன்று அண்ணையும் லோஜனும் பில்லுண்ட் விமான நிலையத்துக்கு வருவார்கள். காரில் இன்னும் ஒரு இடம் இருக்கிறது. நானும் வரலாமா, அக்கா? வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, ஒரு சொல் கிறிஸ்ரினாவிடம் சொல்லி அனுப்புங்கள். அவள் திரும்பி வரும்வரைக்கும் ஒவ்வொரு நாளும் பிள்ளையாருக்கு முன்னால் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

என்றும் உங்கள் தங்கையாகவே இருக்க விரும்பும்,
தவராஜா ஞானேஸ்வரி